நான்காம் எண்

புளோயரை நான்கில் வைத்தால்
துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிடலாம், அவ்வளவு சத்தம்.
கையை நீட்டிப் பார்த்தால்
தூங்கும் பிள்ளையின் மூச்சளவு காற்று.

அக்னி பிறந்து ஆறாம் நாள்.
முதுநகர் ரயில்வே கேட்டில் நிற்கையில்
பின்சீட்டில் ரத்த மாதிரிகள் இருந்த ஐஸ்பெட்டியை
எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாமா
என்றுகூட யோசித்தேன்.

முதல் மெக்கானிக் "சார் வரலையா?" என்றார்.
கேஸ் போட்டார். ஆயிரத்து எண்ணூறு.
இரண்டாமவர் "சார்கிட்ட போனைக் குடுங்க" என்றார்.
இருக்கிற கேஸுக்கு மேலே
இன்னும் கொஞ்சம் கேஸ் போட்டார்.
மூன்றாமவர் "கம்ப்ரசர் போச்சு" என்றார்,
பானெட்டைத் திறக்காமலே.
சார் அப்போது சிங்கப்பூரில்
யாருடைய ஆபீஸுக்கோ குளிர் போகும் தகரக் குழாய்க்குள்
தவழ்ந்துகொண்டிருந்தார்.

புதுப்பாளையம் லூர்துராஜ் ஒன்றும் கேட்கவில்லை.
என்ஜினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்தார்.
டக். கிளட்ச் பிடித்தது.
நீல மீட்டரையும் சிவப்பு மீட்டரையும் மாட்டிப் பார்த்தார்.
தடித்த குழாயைத் தொடச் சொன்னார்:
சில்லென்று வியர்த்திருந்தது,
இரண்டு ரூபாய்க்கு மோர்பாக்கெட் விற்ற காலத்தில்
ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரி.

"குளிர் இருக்குக்கா.
வரத்தான் வழியில்ல."

இந்த வருஷத்து வேகன் ஆருக்கு
ஃபில்டர் என்று ஒன்றே கிடையாதாம்.
இருபது வருஷமாய்ச் சாலை எதைக் கொடுத்ததோ
அத்தனையும் நேரே உள்ளே.

மறுநாள் போனபோது டேஷ்போர்டு தரையில் கிடந்தது.
ஒயர்கள் எல்லாம் வெளியே.
ஸ்டியரிங் மட்டும் தனியாக நின்று
யாரையோ எதிர்பார்ப்பது போலிருந்தது.
கூலிங் காயிலைப் பேப்பரில் வைத்துத் தட்டினார்.
வேப்பம்பூ, சிப்காட் பக்கத்துக் கரி,
யாருடையதோ நீளமான முடி.
அதற்கும் கீழே,
அலுமினியத் தகடுகளுக்கிடையே,
செங்கல்லாய் இறுகிய வண்டல்.
ஊசியால் கிளறினார். ஒரு நத்தை விழுந்தது.
சுண்டுவிரல் நகத்தளவு. ஓடு மட்டும்.

"வெள்ளத்துல நின்ன வண்டிக்கா இது" என்றார்,
என் முகத்தைப் பார்க்காமல்.

விற்றவர் குறிஞ்சிப்பாடி வரதராசுலு.
தண்ணியே பாக்காத வண்டிம்மா என்று
முருகன் படத்தைத் தொட்டுச் சொன்னவர்.
திட்ட வேண்டியதையெல்லாம்
திருப்பாதிரிப்புலியூர் வரும்வரை மனப்பாடம் செய்து
ஓரமாய் நிறுத்திவிட்டு அழைத்தேன்.

நத்தை என்றதும் பேச்சில்லை.
பின்னால் ஒரு மிக்ஸி ஓடி நின்றது.

"ஏரி தொறந்த ராத்திரிம்மா.
நாலு நாள் கண்ணாடி வரைக்கும் முங்கி இருந்துது.
செவுரு விழுந்துடுச்சி. கறவ மாடு போச்சி.
தண்ணி வடிஞ்சதும் ஏதோ தோணி
சாவியத் திருப்புனேன், கிளம்பிடுச்சி.
அதப் போயி எப்பிடிம்மா குறையாச் சொல்றது?"

கொஞ்சம் கழித்து,
"இப்ப காத்து நல்லா வருதா?"

வந்தது.
கெடிலம் பாலத்தில் இரண்டாம் எண்ணே போதுமாயிருந்தது.
தேவனாம்பட்டினம் திரும்பும்போது
முழங்கையில் மயிர் சிலிர்த்தது. ஜன்னலை
ஒரு விரற்கடை இறக்கிக்கொண்டேன்,
வெயிலுக்காக.

ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க வந்தவர்
பாகூரில் உரக்கடை வைத்திருப்பவர்.
டயரை உதைத்தார். கதவை மூன்று முறை சாத்தினார்.
உள்ளே உட்கார்ந்து நான்கில் வைத்ததும்
அவர் வேட்டி உப்பியது.
"ஏசி பிரமாதம்" என்றார்.
பிறகு, எல்லாரும் கேட்பதைக் கேட்டார்:
"வெள்ளத்துல கிள்ளத்துல மாட்டுனதில்லையே?"

சில்லறை போடும் பள்ளத்திலிருந்து
நத்தையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
உருட்டி உருட்டிப் பார்த்தார்.
மூடியைக் கழற்றாத பேனாவால்
காற்றில் ஏதோ கணக்குப் போட்டு,
எட்டாயிரம் குறைத்தார்.

நத்தையைத் திருப்பித் தரவில்லை.